கஞ்சிக் கொட்டகைப் படத்தில் என் தங்கை

ஆவி, பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். ஞானஸ்நானம் வாங்கின வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்பார் என் அப்பா. அவருக்குப் பயந்து சொல்லவில்லை, எனக்கே நம்பிக்கை கிடையாது, செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்று இருந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், இதைக் கேட்டுவிட்டு இந்த அம்மாவுக்குப் பசியில் புத்தி கலங்கியிருந்தது என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது எனக்கும் தினம் ஒரு வேளை கஞ்சி கிடைத்தது, புத்தி சரியாகத்தான் இருந்தது.

தாது வருஷப் பஞ்சம் இரண்டாம் வருஷமும் விடாமல் நீண்டபோது நடந்தது. மழை இல்லை, பட்டு வாங்க ஆளில்லை, ஆரணியில் தறிச் சத்தமே நின்றுபோயிற்று. என் புருஷனைக் காலரா கொண்டுபோயிருந்தது. முள்ளிப்பட்டில் வாழ்ந்த என் தங்கை லேயாளும் அவள் புருஷன் தாவீதும், தெள்ளார்ப் பக்கம் ஏரி வெட்டுகிற இடத்தில் கூலி கிடைக்கிறது என்று கேட்டு நடந்தே போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் பாதிரியார் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டார். கஞ்சி ஊற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்.

முதல் நாள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ஊற்றினேன். ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு அகப்பை சேர்த்துப் போட்டேன், அதைப் பார்த்து அடுத்தவள் அழுதாள், அவளுக்கும் போட்டேன், கடைசியில் நின்றவர்களுக்குக் கஞ்சி இல்லை. அவர்கள் சண்டைகூடப் போடவில்லை, பானையைப் பார்த்தபடியே வெறுமனே நின்றார்கள். அன்றோடு முகம் பார்ப்பதை விட்டுவிட்டேன். நீட்டுகிற சட்டியை மட்டும் பார்ப்பேன், ஊற்றுவேன், அடுத்த சட்டி.

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை சென்னைப் பட்டணத்திலிருந்து படம் எழுதுகிறவர் ஒருவர் வந்தார். நம் ஆள்தான், வெள்ளைக்காரரிடம் படித்தவராம். சாமி படமும் ராஜா படமும் எழுதுகிறவர்களைத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இவரோ கொட்டகை ஓரமாகச் சட்டத்தில் துணியை நிறுத்தி, கஞ்சிக்கு நிற்கிற ஜனங்களை எழுதினார். பட்டணத்தில் இருக்கிறவர்கள் பேப்பரில் படித்தால் நம்புவதில்லை, கண்ணால் பார்க்கட்டும் என்றார். ஆடாமல் நில்லுங்கள் என்று யாரிடமும் அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை, ஆட யாருக்கும் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பானை காலியான பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கப் போனேன். வரிசை அப்படியே இருந்தது. விலா எலும்பு, வீங்கின கால், பிள்ளையின் தலையில் உட்கார்ந்த ஈ, ஒன்றையும் அவர் விடவில்லை. வரிசைக்கு அப்பால், கிணற்றுச் சுவரை ஒட்டி, ஒரு பெண் மண்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது காது கீழே அறுந்து இரண்டாகப் பிளந்திருந்தது. ஏழு வயதில் தறிக் கயிற்றில் தோடு மாட்டி அறுந்த லேயாளின் காது அது. நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

"பேரு தெரியலைம்மா. நாலு நாளா அந்தக் கிணத்தாண்டதான் உக்காந்துகினு இருக்காங்க."

"அங்க வெயிலுங்க. ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. நீங்களா சேர்த்து எழுதினீங்களா?"

"இல்லாத ஆளை நான் எழுதறதில்லைம்மா" என்றார். கோபம் இல்லை, கொஞ்சம் திகைப்புதான். "முதல் நாளே கேட்டேன், கஞ்சி வாங்கிகினீங்களான்னு. எங்க அக்காதான் ஊத்துறாங்க, என் முறை வரட்டும்னாங்க."

ஓடினேன். கிணற்றடியில் யாரும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர்களை எழுப்பிக் கேட்டேன், நாலு நாளாக அங்கே ஒருவரும் உட்காரவில்லை என்றார்கள். சாலை வரைக்கும் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது அவர் தூரிகையை வைத்துவிட்டு நின்றிருந்தார். "அழிச்சிடட்டுமாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, மறுபடியும் முகம் பார்த்து ஊற்றினேன். ஒவ்வொரு முகத்தையும் நிமிர்த்திப் பார்த்தேன். வரிசை நகரவில்லை, பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள், பாதிரியாரே வந்து, "ஜல்தியா ஊத்தும்மா, அவங்க நிக்க முடியாம விழறாங்க" என்றார். அவள் வரவில்லை. படக்காரரும் அன்றைக்கெல்லாம் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கண்ணுக்கும் யாரும் தட்டுப்படவில்லை. சாயங்காலம் வண்டி பிடித்து, படத்தோடு பட்டணம் போய்விட்டார். அப்புறம் அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை தாவீது வந்தான். தனியாக வந்தான். வரிசையில் நின்று சட்டியை நீட்டினான், அக்கா என்று அவன் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவன் சட்டியில் ஊற்றிவிட்டு, அகப்பையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்து, அவனை உட்காரவைத்தேன்.

"லேயா போயிட்டாக்கா. நேத்தோட ஒரு வாரம் ஆச்சு. வந்தவாசி தாண்டி இந்தப் பக்கம், ஒரு சாவடியில. நானே குழி தோண்டினேன்."

நேற்றோடு ஒரு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. படக்காரர் வந்தது அதற்கு மறுநாளைக்கு மறுநாள். கணக்கு எனக்கு அப்போதே ஓடிவிட்டது.

"ஆரணியில அக்கா கஞ்சி ஊத்துறாங்கன்னு யாரோ சொன்னாங்க" என்றான். "அங்க போயிட்டா போதும், அங்க போயிட்டா போதும்னு சொல்லிகினே நடந்தா. ரெண்டு நாளா வெறும் தண்ணிதான்."

மறைக்க மனம் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். படம், கிணறு, அறுந்த காது, முறை வரட்டும் என்றது. அக்காவுக்குப் பைத்தியம் என்பான், இல்லாவிட்டால் அழுவான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. குனிந்து தன் சட்டியைப் பார்த்தான்.

"குடிச்சாளாக்கா?" என்று கேட்டான்.

படத்தை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். சட்டி நெஞ்சோடு ஒட்டியிருந்தது, வாய்ப்பக்கம் அவளை நோக்கிச் சாய்ந்திருந்தது. எதிரே நின்று எழுதினவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்திருக்காது. அந்த நாலு நாளும் எத்தனையோ கைகள் நீண்டன, எத்தனையோ சட்டிகளுக்கு ஊற்றினேன், ஒரு கைக்கும் மேலே நான் பார்க்கவில்லை.

"குடிச்சா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தான். பிறகு அதைப் பற்றி அவன் கேட்டதே இல்லை.

இருபது வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அவள் வந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ஊற்றினேனா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.