இராசையாவின் கூடை

குணரத்தினமா, கலீலா? திருகோணமலையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வரலாம். திரும்பி வரும்போதும் அதே இரண்டு பேர் அதே மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இருவரும் அறுபதுகளில் எங்கள் துறைமுகவீதிக் கூடைப்பந்துக் கழகத்தின் சென்டர்கள். சென்டர் என்றால் ஐந்து பேரில் வளையத்துக்குக் கீழே நிற்கும் நெட்டையன். இடம் ஒன்று, எங்களிடம் நெட்டையர் இரண்டு. பதினைந்து வருஷமாகத் தீராத இந்த வழக்குக்கு 1966இலேயே தீர்ப்புச் சொன்ன மனிதர் பந்தை ஒருநாளும் தொட்டதில்லை. அவர் தொட்டதெல்லாம் எங்கள் அழுக்கு ஜேர்சிகளைத்தான்.

இராசையா மடத்தடியில் லோன்றி வைத்திருந்தார். வெள்ளைக்காரக் கடற்படையின் உடுப்புகளைத் தோய்த்துப் பழகிய கை. ஐம்பத்தேழில் அவர்கள் கப்பலேறியபோது ஊர் கொடியிறக்கத்தைப் பார்த்தது. இராசையாவோ, கப்பலோடு போகும் நானூறு வெள்ளைக் காற்சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிஞ்சியவை கந்தோர்க்காரரின் சேட்டுகளும் எங்கள் ஜேர்சிகளும். மனைவி இல்லை, பூரணி என்று ஒரே மகள். அவர் தோய்ப்பார், அவள் கரிப்பெட்டி தேய்த்து மினுக்குவாள்.

ஊரில் பெரிய மனிதர்களுக்கு அவரிடம் உள்ளூரப் பயம். யாருடைய சேட்டில் சாராயம் மணக்கிறது, கந்தசஷ்டி விரதக்காரர் எவருடைய வேட்டியில் மீன்குழம்பு சிந்தியிருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டால் ஒரே பதில்தான்: “உடுப்பு வாய் திறக்கிறேல்லை. நானும் திறக்கிறேல்லை.”

என்னிடம் மட்டும் ஒரு தரம் திறந்தார். நான் ஒன்பதாம் நம்பர். ஓடுவது எனக்குப் பிடிக்காது. ஆட்டம் முடிந்து காய்ந்த ஜேர்சியை அழுக்குக் கூடையில் போட வெட்கப்பட்டு, ஒருநாள் பைப்பில் நனைத்துப் போட்டேன். அவர் எடுத்து முகர்ந்தார்.

“தம்பி, பைப்புத் தண்ணியில உப்பில்லை.”

இனி வழக்குக்கு வருவோம். குணரத்தினம் இராசையாவின் தமக்கை மகன், பூரணிக்கு முறை மச்சான். துறைமுகத்தில் நாட்கூலி. ஆட்டத்துக்கு இருபத்தெட்டு, முப்பது என்று புள்ளி எடுப்பான். அவன் கைக்குப் போன பந்து வளையத்துக்குப் போகுமே தவிர வேறு ஒருவரிடமும் போகாது. கலீலுர் றஹ்மான் கிண்ணியாவிலிருந்து துறையைக் கடக்கும் படகுப்பாதை ஏறி வருபவன். ஆறு புள்ளி எடுத்தால் அதிகம். எதிராளியின் வழியை மறித்து நிற்பான், திரும்பி விழும் பந்தைப் பிடித்து யாராவது ஒருவனுக்குக் கொடுப்பான். குணா நின்ற பத்து ஆட்டத்தில் நாலு வென்றோம். கலீல் நின்ற பத்தில் ஏழு. ஆனால் சனம் கைதட்டியது குணாவுக்குத்தான். என்னைக் கேட்டிருந்தால் நானும் குணா என்றுதான் சொல்லியிருப்பேன், அவன் ஆடினால் நான் ஓடத் தேவையில்லை.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியின் கடிதம் வந்தது. தங்கள் அணிக்கு ஒரு சென்டர் வேண்டும், நிரந்தர வேலை தருகிறோம், கழகம் ஒரு பெயர் அனுப்பட்டும். ஒரே ஒரு பெயர்.

இராசையா வீட்டில் அன்றைக்கே பால்பொங்கல். மகனுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் தையில் கலியாணம் என்று தமக்கை சொல்லியிருந்தாள். கொழும்புக்குப் போட்டுக்கொண்டு போக குணாவின் வெள்ளைக் காற்சட்டையைக்கூட இராசையா கஞ்சி போட்டு வைத்துவிட்டார்.

கழகக் கூட்டத்தில் மூன்று கை குணாவுக்கு, மூன்று கை கலீலுக்கு. ஆட்டத்தைப் பார்க்காமல் கோயிலையும் பள்ளிவாசலையும் பார்த்துத் தூக்கிய கைகளும் அதில் இருந்தன, மறைப்பானேன். தலைவர் ஞானசேகரம், சுங்கத்தில் ஓய்வுபெற்றவர், தன் கையை எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். தோய்த்த ஜேர்சிகளோடு இராசையா வாசலில் நின்றார். எட்டு வருஷமாக அந்த வாசலுக்கு வருகிறார். ஒருநாளும் அவருக்கு யாரும் கதிரை போட்டதில்லை. ஏன் என்பது எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆளில்லை.

அப்போது செயலாளர், குணாவின் கட்சி, ஒரேயடியாக அடித்துவிட்டார்: “கலீல் இறங்கினா மற்ற நாலு பேரும் சும்மா நிண்டு வெயில் காயிறாங்கள்.”

“அது பொய்” என்றது வாசல்.

எல்லோரும் திரும்பினோம். தலைவர் சிரித்துக்கொண்டே, “என்ன இராசையா, நீரும் மட்ச் பாக்கிறனீரோ?” என்றார்.

“நான் மட்ச் பாக்கிறேல்லை ஐயா. உடுப்புப் பாக்கிறனான். குணா நிக்கிற அண்டைக்கு ஒரு ஜேர்சிதான் நனைஞ்சு வரும், அவன்ர. பிழிஞ்சா ஒரு செம்பு தண்ணி. மற்ற நாலையும் அப்பிடியே மடிச்சு அலுமாரிக்குள்ள வைக்கலாம். கலீல் தம்பி நிக்கிற அண்டைக்கு அஞ்சும் நனைஞ்சு, கழுத்து முதுகெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். இந்த ரெண்டு பேரும் விளையாடுற மூண்டு வருசமும் என்ர கையால தோய்க்கிறன். எனக்குத் தெரியாதே?” கொஞ்சம் யோசித்தார். “அஞ்சில்லை, நாலு. ஒன்பதாம் நம்பர் ஆர் நிண்டாலும் காய்ஞ்சுதான் வரும்.”

நான் கூரையைப் பார்த்தேன். வளையத்துக்குள் விழுந்ததை எண்ணிக்கொண்டு ஊரே இருந்தபோது, கூடைக்குள் விழுந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தலைவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ, இராசையா” என்றார்.

அப்போதுதான் தாம் என்ன செய்தோம் என்று அவருக்குப் பட்டது. அவர் இருக்கவில்லை. கூடையையும் விட்டுவிட்டு இறங்கி நடந்தார். அவர் பின்னால் தலைவரின் கை கலீலுக்கு உயர்ந்தது.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அந்த வருஷம் நான் ஓடிய பெரிய ஓட்டம். இராசையா நடுறோட்டில் அழுதுகொண்டு போனார். “முப்பது வருசமாப் பூட்டி வைச்ச வாய், தம்பி. என்ர பிள்ளையின்ர விசயத்திலயே அது திறக்க வேணும்?”

பூரணி மினுக்கிக்கொண்டிருந்தாள். “பிள்ளை, நான் உன்ர கலியாணத்தைக் குழப்பிப்போட்டு வாறன்” என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“குணா அத்தான்ர ஜேர்சியை மினுக்கிறது நான்தானே அப்பா. எனக்குத் தெரியாதே? பந்தையே ஒருத்தருக்கும் குடாத மனுசன், எனக்கு என்னத்தைக் குடுக்கப் போறார்?”

சொல்லிவிட்டு அவளும் அழுதாள். குணாவை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் கரைச்சல்.

என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. மறுநாள் மத்தியானத்துக்குள் பூரணி சொன்ன கதை மீன்சந்தை வரைக்கும் போய்விட்டது. குணாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? தமக்கை தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். குணா மாமன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கலீல் கொழும்புக்குப் போனான்.

மூன்று கிழமை கழித்து மட்டக்களப்பு அணியோடு ஆட்டம். பந்து குணாவிடம், இரண்டு பேர் அவனை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். வழக்கமாக அப்படியே எம்பிவிடுவான். அன்றைக்கு நின்று என்னைப் பார்த்தான். என்னத்துக்குப் பார்க்கிறான் என்று நான் யோசிப்பதற்குள் பந்து வந்து என் மூக்கை உடைத்தது. அதன்பிறகும் விடவில்லை, எல்லோருக்கும் கொடுத்தான். எப்போது எங்கிருந்து வருமோ என்ற பயத்திலேயே நான் முழு ஆட்டமும் ஓடினேன். இரண்டு புள்ளியால் தோற்றோம், அதை விடுங்கள்.

கூடையை அன்று குணாதான் மடத்தடிக்குத் தூக்கி வந்தான். மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நானும் போனேன். இராசையா மருமகனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜேர்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து கல்லில் வைத்தார். கடைசியில் என்னுடையதை எடுத்தார். இரத்தம் இருந்த இடத்தை விட்டு, முதுகுப் பக்கத்தை முகர்ந்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, ஒன்பதிலயும் உப்புக் கிடக்கு.”

குணா கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு பூரணி ஒரு வாளியோடு வெளியே வந்தாள்.

“அத்தான், ஒரு வாளி தண்ணி அள்ளித் தாங்கோ.”

அவன் அள்ளிக் கொடுத்தான்.