மாவுக்கட்டுக் கோடை

அடுப்பில் சிவக்கக் காய்ந்த குடைக்கம்பி ரப்பர் செருப்புக்குள் இறங்கும்போது ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். கூடவே தொண்டையைக் கமறச் செய்யும் கருகல் நாற்றம் எழுந்து சமையலறை முழுக்கப் பரவி, கொடியில் காயும் துணிகளில் ஏறி, இரண்டு நாளைக்கு அங்கேயே குடியிருக்கும். எனக்குப் பத்து வயதான வருஷத்தின் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் அந்த நாற்றம்தான். அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, “வீடா இது, டயர் கடையா?” என்று கேட்பாள், கேட்டுவிட்டு, அடுத்த சக்கரத்துக்கு அடுப்பை அவளே பற்றவைத்தும் கொடுப்பாள்.

அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி வேலை கிடைத்து மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே ஊழியர் குடியிருப்பில், தரைத்தளத்தில் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரமான சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியின் மேலிருந்துதான் என் தம்பி ரவி விழுந்தான். விழுந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நடந்தது வேறு. ரவியின் ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா செங்கல்பட்டுக்குப் போய், சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புக் கார் ஒன்று வாங்கி வந்தார். அதே மாதம் நான் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு எனக்குக் கிடைத்தது ஒரு ‘ஜாமெட்ரி பாக்ஸ்’. அடுத்த வருஷப் பாடத்துக்கு எப்படியும் வாங்கித் தந்தே ஆகவேண்டிய பொருள் அது என்பது எனக்குத் தெரியாதா? மூன்று நாள் அந்தக் காரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. நான்காம் நாள் ரவி காரைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியின் மேல் நின்றபோது, “குதிடா, நான் புடிச்சுக்கறேன்” என்று கையை நீட்டினேன். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் குதித்தான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

காரும் நசுங்கியது, காலும் முறிந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த அம்மா, “எப்படிடி விழுந்தான்?” என்று கேட்டபோது, அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, “அவனாவே குதிச்சான்மா” என்றேன். ரவி அழுகையை ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தான். மறுபடி அழ ஆரம்பித்தான். அப்பா வேலையில் இருந்தார். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மா மட்டும் வாடகைக் காரில் அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இருட்டுவதற்குள், பாதத்திலிருந்து தொடைவரை வெள்ளையாக மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு அவன் திரும்பி வந்தான். ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது.

அன்றிலிருந்து ரவி என்னோடு பேசவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவனுக்கு நான் இருப்பதாகவே தெரியவில்லை. தண்ணீர்ச் செம்போடு நான் பக்கத்தில் நிற்கும்போதே, “அம்மா, தண்ணி வேணும்” என்று உள்ளே பார்த்துக் கத்துவான்.

காரை ஈடுகட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் பத்து வயதுப் புத்திக்குத் தோன்றியது. வீட்டிலிருந்த ஐந்து தீப்பெட்டிகளின் குச்சிகளையும் ஒரு டம்ளரில் கொட்டிவிட்டு, பெட்டிகளைப் பூக்கட்டும் நூலால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த உடைந்த பட்டன்களைச் சக்கரமாக ஒட்டி, ஒரு ரயில் செய்தேன். கொஞ்சம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சிவப்பு அடித்தேன். அதை ரவியின் மாவுக்கட்டின் மேல், மலைப்பாதையில் ஏற்றுவதுபோல, பாதத்திலிருந்து மெல்ல மேலே இழுத்துக் காட்டினேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் நான் வெளியே வந்து கதவோரம் நின்றபோது, உள்ளேயிருந்து மெதுவாக, மிக மெதுவாக, “கூ...” என்று ஒரு சத்தம் வந்தது. அந்த ஒரு ‘கூ’வை வைத்துக்கொண்டுதான் அடுத்த மூன்று வாரமும் நான் பொம்மை செய்தேன்.

என் கைவேலை அப்படியொன்றும் சிலாக்கியமானதல்ல. ரயில் நாலு நாளில் நூலறுந்து கிடந்தது. அப்போதுதான் செல்வி வந்தாள். ஊரின் பழைய கோட்டைப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து தினமும் காலையில் கூடையோடு வந்து, குடியிருப்பின் முனையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து மீன் விற்கும் அம்மாளின் மகள். என்னைவிட ஒரு வயது பெரியவள். நான் பின்வாசலில் உட்கார்ந்து அறுந்த ரயிலை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, “இன்னாமே, இதுக்குப் போயி அய்துகினு கீற?” என்று பக்கத்தில் குந்தினாள். பூநூலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இடுப்பில் முடிந்திருந்த வலை நரம்பை எடுத்து ரெண்டே நிமிஷத்தில் கோத்துக் கொடுத்தாள். “இது அறாது. சுறாவே வந்தாலும் அறாது.”

செல்விக்கு எதைப் பார்த்தாலும் அது வேறொன்றாகத் தெரிந்தது. காலியான பவுடர் டப்பா லாரியின் உடம்பு. உடைந்த குடையின் கம்பி அச்சு. தேய்ந்த செருப்பு நான்கு சக்கரம். செருப்பின் மேல் டப்பா மூடியை வைத்து வட்டம் போட்டு, அம்மாவின் கத்திரிக்கோலால் வெட்டி, காய்ச்சிய குடைக்கம்பியால் நடுவில் துளைபோட்டோம். தேய்ந்த செருப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டது அப்பாவின் நல்ல செருப்பு. மாலையில் அவர் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்று, “இன்னொண்ணு எங்கே?” என்று கேட்க, ரவி கட்டிலிலிருந்தே, “அது லாரியாயிடுச்சுப்பா” என்றான். அப்பா லாரியைக் கையில் வாங்கி, தரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, என்னைவிட நல்லா ஓடுது” என்றார். மறுநாள் புதுச் செருப்பு வந்தது.

முதலில் செல்வியைப் பின்வாசலோடு நிறுத்தியிருந்த அம்மா, லாரி வந்தபின் உள்ளே கூப்பிட்டாள். ரவியும் செல்வியும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து, சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி இரண்டு துளையில் நூல் கோத்து ‘கிர்ர்’ரென்று சுழற்றுவார்கள். அம்மா இருவருக்கும் இட்லித் தட்டு வைப்பாள். “நாஸ்தா துன்னுட்டுத்தான்மா வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே செல்வி மூன்று இட்லி சாப்பிடுவாள். ரவி அவளோடு ஓயாமல் பேசினான். நான் கத்திரிக்கோலும் பசையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

ஒருநாள் செல்வி என்னைத் தனியே இழுத்துக் கேட்டாள். “இன்னாத்துக்கு அவன் உன்னாண்ட பேச மாட்டேன்றான்?”

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. கால்விரலால் மண்ணைக் கீறியபடி சொன்னாள். “நீ பொம்ம பொம்மயா செஞ்சி குடுக்கற. அவன் அதையா கேட்டான்? தப்புன்னு சொல்லிட்டுப் போயேன்.”

“அவன் மூஞ்சியப் பார்த்தா வாயே வரல.”

“அப்ப மூஞ்சியப் பாக்காத சொல்லு” என்றாள்.

இரண்டு காலித் தீப்பெட்டித் தட்டுகளின் நடுவில் ஊசியால் துளையிட்டு, அம்மாவின் மிஷின் நூலை நுழைத்து, உள்ளே ஒரு துண்டு ஈர்க்குச்சியில் முடிச்சுப் போட்டாள். ஒரு தட்டை ரவியிடம் கொடுத்து, “காதுல வச்சிக்கோ, போன் வரும்” என்றாள். நூல் ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டிவரை நீண்டது. தொட்டியோரம் நின்று நான் அதை விறைப்பாகப் பிடித்தேன். வெயிலில் நின்ற எனக்கு, ஜன்னலுக்குள் இருட்டு மட்டுமே தெரிந்தது. அதே நேரம் புங்கமரத்தடியிலிருந்து, “அடியே செல்வீ, மீன் ஆய ஆளில்லடி!” என்று அவள் அம்மா கத்த, செல்வி ஓடிப்போனாள்.

தட்டை வாயருகே வைத்து, “ஹலோ” என்றேன். காதில் வைத்தேன். பதில் இல்லை. மறுபடி வாயருகே வைத்தேன்.

“ரவி, நான் புடிச்சுக்கறேன்னு சொன்னேன்ல. வேணும்னுதான் கையை எடுத்தேன். உனக்குக் கார் வாங்கிக் குடுத்துட்டாங்கன்னு பொறாமை. கால் உடையும்னு தெரியாதுடா. அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டேன். என்கூடப் பேசுடா.”

நூல் லேசாக அதிர்ந்தது. காதில் வைத்தேன். தேனீ ரீங்கரிப்பதுபோல் ஒரு குரல் வந்தது.

“தெரியும்.”

அது ரவியின் குரல் இல்லை. அம்மாவின் குரல்.

தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமென்று பார்த்தேன், ஆனாலும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தவளிடம், அவன் தட்டைக் கொடுத்திருக்கிறான். நூல் தளர்ந்து, மறுபடி விறைத்தது. இந்த முறை கேட்டது ரவியின் குரல்தான். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தைகள்: “ரயிலுக்குக் கடைசில கார்டு பெட்டி இல்ல. செஞ்சு குடு.”

அன்று மத்தியானம் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி, என்னைப் பார்க்காமல் அம்மா பேசினாள். செங்கல்பட்டுக்குப் போகும் வழியிலேயே ரவி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். சொல்லிவிட்டு, அவள் கையில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தான். “அப்பாகிட்டச் சொல்லாதம்மா, அக்காவ அடிப்பாரு.” அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கால் எப்படியும் கூடிடும். என் மூஞ்சியப் பார்த்துப் பொய் சொன்னே பாரு, அதை நீயே வந்து சொல்லணும்னுதான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன்.” பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுதது நான் மட்டும் இல்லை.

ஜூனில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள், பள்ளிக்கூடமும் திறந்தது. செல்வியைக் காணோமே என்று புங்கமரத்தடியில் கேட்டபோது, “திருவிடந்தைல அவ அத்த வூட்டாண்ட விட்டுகீறேன். கைக்கொயந்தைய பாத்துக்க ஆளில்ல” என்றாள் அவள் அம்மா. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

இப்போது ரவி கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். போன மாதம் போயிருந்தபோது அவன் மகளுக்கு ஏதாவது செய்து கொடுக்கலாமென்று வீடு முழுக்கத் தேடினேன். அடுப்புக்குத் தீப்பெட்டி வேண்டியதில்லை; பவுடர் டப்பா தகரத்தில் வருவதில்லை; தையல் மிஷின் இல்லாத வீட்டில் நூலுக்கு எங்கே போவது? கூரியரில் வந்த அட்டைப்பெட்டிகள் மட்டும் மலையாகக் கிடந்தன. ஜன்னல், கதவு, வெட்டித் திறக்கிற கூரை என்று அவற்றில் நானும் அவளும் ஒரு பெரிய வீடு கட்டினோம். வேலைக்கு நடுவே அந்தக் கோடையின் கதையை ஒளிக்காமல் அவளிடம் சொன்னேன். மாலையில் ரவி வந்து நுழைந்ததும், அவள் ஓடிப்போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அத்தை கையை எடுத்ததாலதான் உங்க கால் உடைஞ்சுதா?” என்று கேட்டாள்.

ரவி ஷூவைக் கழற்றியபடியே சிரித்தான். “அத்தையா? அத்தை அன்னைக்கு வீட்டுக்குள்ள படிச்சுக்கிட்டிருந்தா. நான் தனியாத்தான் இருந்தேன்.”

“டேய், நான்தான்டா உன்னைக் குதிக்கச் சொன்னேன்” என்றேன்.

“உனக்கு வேற எதோ ஞாபகம்க்கா” என்று சொல்லிவிட்டு, மகளின் அட்டை வீட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

அவன் உண்மையிலேயே மறந்துவிட்டானா, இல்லை மகள் முன்னால் என்னைக் காப்பாற்றுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று நடந்ததை அவன் வாயாலேயே கேட்டிருந்த ஒரே ஆள் அம்மாதான். அவள் போய் மூன்று வருஷமாகிறது.