மஞ்சள் வயலில் அடைத்த மடை

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் ராமாயியைப் போல நெல்வயல் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. பக்கத்து வயல்காரன் நான், வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். மழை வந்தால் அவள் கால் தானாக மடைக்கு ஓடும். தண்ணீர் வெளியே போகாமல் அடைத்துவிட்டுத்தான் தலையைத் துவட்டுவாள்.

அவள் புருசன் அர்த்தனாரி வருசத்தில் எட்டு மாதம் குடகுக் காப்பித் தோட்டத்தில் கிடப்பவன். போன வருசம் நெஞ்சுச் சளியோடு வந்தான். இனி அந்தக் குளிருக்குப் போனால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். ஊரிலேயே பிழைக்க வழி வேண்டுமே. வைகாசியில் நெல்வயலை உழுது, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, மேட்டுப்பாத்தி கட்டி மஞ்சள் ஊன்றினார்கள். இது விளைந்தால் அவன் போக வேண்டாம். ராமாயிக்கு அது ஒன்றே நினைப்பு.

மஞ்சள் ரோசம் பிடித்த பயிர். ஈரம் கேட்கும், கிழங்கடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. ஆவணியில் இடுப்பளவு நின்றது, பார்க்கவே ஆசையாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அர்த்தனாரி மருந்து வாங்க அடிவாரம் போயிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. ராமாயி ஓடிப்போய் மடையை அடைத்தாள். நான் என் நெல்லுக்கு மடை அடைத்துக்கொண்டே அதைப் பார்த்தேன். எனக்கும் அதில் தப்புத் தோன்றவில்லை. என்ன சனமோ நாங்கள்! ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் அவன் மூன்றாம் நாள்தான் வந்து மடையைத் திறந்தான்.

பத்து நாளில் அடியிலைகள் ஓரம் பழுத்தன. தண்டைப் பிடித்தால் கையோடு வந்தது. கிழங்கெல்லாம் கொழகொழத்து நாறியது. அர்த்தனாரி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரார் கேட்டதற்கு, மேகத்தைப் பார்த்துத் தானே அடைத்துவிட்டுப் போனதாகச் சொல்லிவிட்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கார்த்திகையில் அவன் குடகுக்குக் கிளம்பினான். பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் ஊர்ச் சின்னுசாமி, மஞ்சளுக்கு மடை அடைத்த மகராசன் இவர்தான் என்று கேலி பேசினான். நாலு பேர் சிரித்தார்கள். அர்த்தனாரியும் இருமிக்கொண்டே சிரித்தான்.

ராமாயி கையிலிருந்த புருசன் பையைக் கீழே வைத்தாள்.

"அவரு இல்லீங்க. மடைய அடச்சது நானுங்க."

சிரிப்பு நின்றது. "சும்மா இரு புள்ள," என்றான் அர்த்தனாரி. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.

அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்தான். அதற்காக அவன் இறங்கிவிட முடியுமா?