மருந்துச் சட்டையும் செவலை நாயும்

இப்போது சாத்தூரிலிருந்துகூடக் காரில் நாயைக் கொண்டுவருகிறார்கள். கடிக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது, எப்படியாவது சரிபண்ணுங்கள் என்று என் வாசலில் நிற்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்ல நான் என்ன சாமியாரா? ஆனால் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்துவிட்டது எம். புதுப்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுச் செவலை நாய்.

அப்போது நான் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைப்பவர். எங்கேயோ ஒரு ஷெட் வெடித்தபோது, வேலியோரம் முதுகு பொசுங்கிக் கிடந்த குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து வளர்த்தார். வளர்ந்த பிறகு அது அக்காவையே எதிரியாகப் பார்த்தது. மாலையில் கம்பெனி வேனிலிருந்து அவர் இறங்கினால் போதும், பாய்ந்துவிடும். ஒருநாள் அவர் கையைக் கிழித்துவிட்டது.

லோடு ஆட்டோ ஓட்டும் அவர் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போறோம்ல, இதையும் வண்டியில ஏத்திட்டுப் போயி ஆத்தங்கரையில விட்டுட்டு வந்துருவேன். சொல்லிப்புட்டேன்."

அக்கா கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தார். "உங்கிட்ட மட்டும் அடங்குதுல்ல, எப்பிடியாச்சும் மாத்திரு தாயி. இதைத் தொலைச்சிட்டு எனக்குச் சோறு இறங்காது."

என்னிடம் அடங்கியது உண்மைதான். எனக்கு ஏதோ கைராசி என்று நானும் மிதந்துகொண்டிருந்தேன்.

வெடிச்சத்தப் பயம்தான் காரணம் என்று தெருவே தீர்ப்பெழுதியிருந்தது. போனில் பார்த்த வீடியோவிலும், வெடிச்சத்தத்தை மெதுவாகப் போட்டுக் காட்டிப் பழக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்குப் போன் எதற்கு? கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் நேரத்தில் நாயருகே போய் உட்கார்ந்தேன். டமார் டமார் என்று வெடித்தது. நான்தான் துள்ளினேன். நாய் கொட்டாவி விட்டுப் புரண்டு படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதே நாய் சாதுவாக அவர் மடியில் கிடந்தது. பேச்சுவாக்கில் எழுந்துபோய், சேலைக்கு மேல் போட்டு வேலைக்குப் போகும் பழைய ஆண்சட்டையைத் துவைக்க எடுத்தார். அவ்வளவுதான், நாய் பல்லைக் காட்டி உறுமியது.

எனக்குப் பொறி தட்டியது. சட்டையை வாங்கி முகர்ந்தேன். மருந்து வாடை. தெருவில் முக்கால்வாசிப் பேர் மேல் அடிப்பதால் எங்களில் ஒருவருக்கும் அது வாடையாகவே தெரியவில்லை. முதுகு வெந்த அன்று நாய்க்கு அந்த வாடைதான் மனதில் பதிந்திருக்க வேண்டும். என்மேல் அடித்ததோ பிரஸ் மை வாடை. என் கைராசியின் லட்சணம் அம்புட்டுத்தான்.

அன்றே தொடங்கினேன். சட்டையைத் துணிப்பையில் கட்டி முற்றத்தின் கோடியில் வைத்துவிட்டு, இந்தக் கோடியில் ஈரல் போட்டேன். உறுமினால் பையைத் தள்ளி வைப்பேன். நிம்மதியாகத் தின்றால் கொஞ்சம் நெருக்கி வைப்பேன். அது பழகும்வரை அக்கா வேனை விட்டிறங்கி, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார்.

"எம் வீட்டுக்குள்ளயே திருடி மாதிரி போறேன் பாத்துக்கோ" என்று சிரிப்பார். கண் மட்டும் சிரிக்காது.

ஆடி பாதி தாண்டியபோது நாய் அந்தப் பைமேலேயே தலைவைத்துத் தூங்கியது. இனி ஆள்தான் வர வேண்டும்.

கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் மாலை, அக்காவைக் குளிக்காமல் நேராக வரச் சொன்னேன். வேன் வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் கையில் கம்போடு நின்றார். மருந்துச் சட்டையோடு, முழங்கை வரை மருந்தில் கலக்கும் வெள்ளிப்பொடி மின்ன அக்கா இறங்கினார். நான் சங்கிலியைப் பிடித்திருந்தேன்.

நாய் நின்றது. மூக்கைத் தூக்கி முகர்ந்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு ஓடி, அக்காவின் இடுப்பில் தலையை முட்டியது. அக்கா நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். "அக்கா, மருந்துக் கையை நக்க விட்றாதீக!" என்று கத்தினேன். நானும் அழுதுகொண்டுதான் கத்தினேன்.

மறுநாள் லோடு ஆட்டோ இருக்கன்குடிக்குக் கிளம்பியது. சொன்னபடியே அக்கா வீட்டுக்காரர் நாயையும் ஏற்றினார். மாலையில் வண்டி திரும்பியபோது, அவருக்கும் அக்காவுக்கும் நடுவில், நெற்றியில் கோயில் மஞ்சளோடு அது உட்கார்ந்திருந்தது.