எந்தத் தெரு என்று கேட்காத கடை

"என்ன டீச்சர், நம்ம ஊர்க்காரவுக கடை இருக்கையில பைபாஸுல இருக்க கம்பெனி ஹோட்டலுக்குப் போறீக? அந்தச் சாம்பாருல ஒரு ருசியும் இல்லையே" என்று என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வாரம் தவறாமல் கேட்கிறார்.

ருசி இல்லைதான். எனக்கும் நாக்கு இருக்கிறது. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் அவர் சொல்லும் ஊர்க்காரர் ஹோட்டலின் சாம்பாருக்குப் பக்கத்தில் அது நிற்காது. ஆனால் அந்த ஊர்க்காரர் கடைப் படியை நான் இனி மிதிக்க மாட்டேன்.

வேலை கிடைத்த மாதம் அம்மாவை அங்கேதான் கூட்டிப் போனேன். முதலாளி சிரித்த முகமாக வந்து, "எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். நரிக்குடிப் பக்கம் என்றாள் அம்மா.

"அங்க எந்தத் தெரு?"

அம்மா மறைக்காமல் சொன்னாள். சுற்றியிருந்த எல்லோருக்கும் காபி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. அம்மா குடித்துவிட்டு, கப்பைத் தானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

பைபாஸ் கடையில் காசு கட்டினால் சீட்டு தருகிறார்கள். நம்பரைக் கூப்பிட்டதும் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்.

நேற்றும் டீச்சர் விடவில்லை. "அங்க ஒங்கள யாருன்னே தெரியாது. வெறும் நம்பராத்தான பாக்குறாக?" என்றார்.

"ஆமா டீச்சர். நம்பருக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாக. அதுக்குத்தான் போறேன்."