மணல் மேல் போன தோணி

தோணி என்றால் அதில் நாம் ஏறிப் போக வேண்டும். அது நம் தோள்மேல் ஏறி வரக் கூடாது. இந்தச் சின்ன நியாயம் என் ஒன்பதாவது வயதில் எனக்குக் கிடைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் நடந்த சங்கதி இது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தது. அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடும் இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்திருந்தார்கள். முறை வந்த நாளில் அந்த இடம் நமக்கு மட்டும்தான். தவறவிட்டால் மறுபடி சுற்றி வர மாதக்கணக்காகும். அந்தச் சித்திரையில் எங்களுக்கு அக்கரை மணல்திட்டை ஒட்டிய பாடு வந்தது. பொழுது சாய்வதற்குள் போய்க் கழி நட்டு வலையைக் கட்டிவிட வேண்டும். முறை முடியும்வரை வீட்டுக்கு வர முடியாது. திட்டிலேயே பாயை வளைத்துக் கட்டி, சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவோம். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். "உன்ன தோணி முனையில குந்த வெச்சி ராணி மாரி இட்டுக்கினு போறேன்" என்று நைனா சொல்லியிருந்தார். ஒரு வாரமாகத் தெருப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ராணி குந்தியது கொஞ்ச நேரம்தான். வெயிலில் ஏரி வற்றிக் கிடந்தது. தூரத்தில் பார்த்தால் கடல் மாதிரி மினுக்கும். இறங்கினால் கணுக்கால் நனையாது. தோணி சேற்றில் உட்கார்ந்துகொள்ளும், இறங்கித் தள்ளுவோம். ஏறுவோம், மறுபடி உட்காரும். இந்த அழகுக்கு இதற்கு ஏரி என்று ஒரு பேர்! நைனா, அம்மா, நான் மூவரும் பாதித் தூரம் நடந்தே வந்தோம். சோற்றுப் பானையும் விறகுக்கட்டும் வலையும் சொகுசாகத் தோணியில் வந்தன.

திட்டுக்கு முன்னால் ஓர் ஓடை உண்டு. எவ்வளவு வற்றினாலும் அதில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும். அதில் நுழைந்துவிட்டால் ஒரே போக்காக எங்கள் பாடு இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம். ஓடை கண்ணில் பட்டதும் குதித்து ஏறி மறுபடி ராணியாக உட்கார்ந்துகொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன். ஓடையின் குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கழி நட்டு வலை கட்டியிருந்தது. அன்றைக்கு அந்த ஓடை மாமாவின் முறை.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். நைனாவுக்கும் அவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் காரணம் என் காது. எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் அல்லவா? மாமா வர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று நைனா என்னைத் தன் பங்காளி ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார். அப்புறம் வந்து சேர்ந்த மாமா, வாங்கி வந்த கம்மலை அம்மா கையில் வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். குத்துப்பட்டது என் காது. முறைத்துக்கொண்டது இவர்கள். எங்கேயாவது அடுக்குமா?

"ஒரு கொரல் குடு நைனா. நடுவுல நாலு கழியப் புடுங்கினா நம்ம தோணி பூடும்" என்றேன்.

"வாய மூடிக்கினு எறங்கு" என்றார் நைனா.

தோணியை மணல்மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். சாமானை எல்லாம் இறக்கினோம். பனைமட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் வெறும் தோணியை இழுத்தோம். முன்னால் கயிறு நைனா தோளில். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தாள். பின்னால் விடுபட்ட மட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிப் போடுவது என் வேலை. மேடு ஏறும் இடத்தில் மட்டை புதைந்துபோனது. அங்கே தூக்கியே ஆக வேண்டியிருந்தது. உள்ளங்கால் வெந்தது. பக்கத்திலேயே ஓடை நிறையத் தண்ணீர்!

மாமா ஓடையில்தான் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்தார். கூடப்பிறந்தவள் தோணி சுமக்கிறாள், இவர் முதுகைக் காட்டுகிறார்! மனுஷனா அவர்? அப்புறம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டோம், அவர் கண்ணில் படவில்லை.

தோணியை விட்டுவிட்டு மிச்சச் சாமானுக்காகத் திரும்பி வந்தோம். அம்மா நல்ல தண்ணீர்ப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வைத்தவள் ஓடைப் பக்கம் பார்த்தாள். நடுக்கழிகளை எல்லாம் காணோம். தோணி நுழைகிற அகலத்துக்கு வலை திறந்து கிடந்தது. அதன் வழியாகத் தண்ணீர் கடல் பக்கம் குபுகுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கிய கழிகளைக் கையில் வைத்துக்கொண்டு மாமா நின்றிருந்தார்.

"ஐயோ அண்ணா!" என்றாள் அம்மா. பானை நழுவி விழுந்து உடைந்தது.

நைனாவும் பார்த்தார். அப்புறம் விறகுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் சுமந்து முடிக்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம் பிடுங்கியிருக்கிறார்! இப்படியும் ஒரு வன்மம் உண்டா?

இருட்டுவதற்குள் நைனா எப்படியோ வலையைக் கட்டிவிட்டார். குடிக்கத் தண்ணீர் இல்லை. அம்மா திட்டில் மணலைத் தோண்டி, ஊறி வந்ததைச் சிரட்டையில் மொண்டு கஞ்சி காய்ச்சினாள். கடல் உப்பு பூராவும் அந்தக் கஞ்சியில்தான் இருந்தது. கிண்டும்போதே அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பானைக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா?

"அழுவாதம்மா. மாமாவுக்கு இன்னிக்கி ஒரு எறாகூட வுழுந்திருக்காது. நல்லா வேணும்" என்றேன்.

பளாரென்று விழுந்தது ஓர் அறை.

"வடியிற தண்ணியில கழியப் புடுங்கினா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாது?"

தெரியாமல் என்ன? தண்ணீர் வடியும்போதுதான் இறால் ஓடி வந்து வலையில் அடையும். அப்போது வலையைத் திறந்தால் மொத்தமும் கடலுக்குப் போகும், முறையும் போகும். குப்பத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அதைத்தானே நானும் சொன்னேன்! எங்கள் கட்சி பேசியதற்கு எங்கள் வீட்டிலேயே எனக்கு அடி. நைனாவாவது கேட்பார் என்று பார்த்தால், அவர் கஞ்சியைத் தொடாமல் ஓடை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கிரமம் அதோடு முடியவில்லை. முறை முடிந்து குப்பத்துக்குத் திரும்பியதும் நைனா தன் கையாலேயே பெரிய பெரிய இறாலாகப் பொறுக்கி ஒரு கூடை நிறைத்தார்.

"உங்க மாமா ஊட்ல குட்துட்டு வா" என்றார்.

யார் வீட்டில்? அவர் வீட்டிலா? நானா?

மாமா வாசலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். கூடையை அவர் எதிரில் தொப்பென்று வைத்தேன். பெரியவர்கள் வேண்டுமானால் வாயைக் கட்டிக்கொண்டிருக்கட்டும், எனக்கு என்ன?

"புடுங்கினதுதான் புடுங்கின, கொஞ்சம் முன்னாடியே புடுங்கியிருந்தா இன்னா மாமா?"

மாமா கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க நைனா நேரா ஓடையில வருவாரு, வந்ததும் புடுங்கலாம்னு இருந்தேன். தோணியவே தூக்கிக்கினு போவாருன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து, என் கம்மலின் திருகு தளர்ந்திருக்கிறது என்று மெதுவாக முறுக்க ஆரம்பித்தார். எங்களை மணலில் சுமக்கவிட்டவருக்கு என் காதைத் தொட என்ன உரிமை? வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன்.