இறக்கத்தில் என்னை முந்தியவர்கள்

ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் போக தினமும் மலை ஏறிய கால்கள் என்பதால் ஏற்றம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இறக்கம்தான் பிரச்சினை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்கள் பீடத்தின் குரொஸ் கன்ட்ரி ஓட்ட அணியில் சேர்ந்தேன். ஹந்தானை மலைப் பக்கம் பயிற்சி ஓடும்போது, ஏறுகையில் நாலு பேரைத் தாண்டிப் போவேன். இறங்குகையில் அந்த நாலு பேரும் என்னைத் தாண்டிப் போவார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில், மழை நாளொன்றில், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடி இறங்கியபோது வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். தோள் எலும்பு முறிந்தது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எலும்பு உரசியதை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தரை சரிந்தாலே என் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்துவிடும்.

அணித் தலைவி யாழ்ப்பாணத்து அக்கா, இறுதி வருடம். ஒருநாள் எனக்குப் பின்னாலேயே ஓடி வந்து பார்த்துவிட்டு, நான் ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுவதாகச் சொன்னார். அடியைச் சின்னதாக வைக்கவும், காலடியைப் பார்க்காமல் கொஞ்சம் முன்னால் பார்க்கவும் சொல்லித் தந்தார். தினமும் மாலையில் ஒரே சரளைப் பாதையில் பத்துத் தடவை இறங்கினேன். என் அறைத்தோழிக்கு ஓட்டத்தில் ஆர்வமே இல்லை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் பாடக்குறிப்புகளோடு கீழே மதகில் உட்கார்ந்து, போனில் நேரம் பார்த்துச் சொல்வாள். முதல் வாரம் சில நொடிகள் குறைந்தன. அடுத்த வாரம் மழை பிடித்தது. ஈரத் தரையைப் பார்த்ததும் குறைந்ததெல்லாம் திரும்பவும் ஏறிவிட்டது.

போட்டி நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. விரிவுரையின் நடுவே தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். மூன்று நாள் இருக்கும்போது, கணுக்கால் பிரண்டுவிட்டது என்று அக்காவிடம் பொய் சொன்னேன். நம்பட்டுமே என்று பண்டேஜும் சுற்றிக்கொண்டேன். அவர் என் இடத்துக்கு முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தியைப் போட்டார். அவள் என் முன்னாலேயே வீட்டுக்குப் போன் எடுத்து, தான் ஓடப்போவதாக அம்மாவிடம் சொன்னாள். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் காலை தோழி கண்ணாடி முன்னால் நின்று முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலேயே என் காலைப் பார்த்தாள்.

"நேத்து இடது காலுலதானே கட்டியிருந்த? இன்டைக்கு வலது காலுல ஈக்கி."

குனிந்து பார்த்தேன். குளித்துவிட்டு வந்து மாற்றிச் சுற்றியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். பிறகு, மைதானம் வரைக்கும் கூட வருவதாகச் சொன்னாள்.

அன்று பயிற்சிக்கு முன்னால் மைதானத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"பயமெண்டு முதலே சொல்லியிருக்கலாம். கால் நோகுதெண்டு ஏன் சொன்னனீர்?"

"பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா."

தங்கச்சியின் இடத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். நான் அதைக் கேட்கவும் இல்லை. விருப்பமென்றால் அணியின் கணக்கில் சேராமல் தனியாக ஓடலாம், பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டார். தலையாட்டிவிட்டு, விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஏன் ஆட்டினேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

போட்டியன்று பாதை ஈரமாகத்தான் இருந்தது. ஏற்றத்தில் ஐந்து பேரைத் தாண்டினேன். உச்சிக்கு வந்ததும் கைவிரல்கள் சில்லிட்டுப் போயின. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. சின்ன அடி, சின்ன அடி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்கினேன். ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தியும் தாண்டினாள். மூன்றாவதாகத் தாண்டியவள் எங்கள் தங்கச்சி. சரியாக எனக்கு முன்னால், வளைவில், அவள் சறுக்கி விழுந்தாள். என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. என் எலும்புதான் முறிந்ததுபோல இருந்தது. அவளோ முழங்காலில் சேற்றோடு எழும்பி ஓடத் தொடங்கிவிட்டாள். நானும் அவள் பின்னால் ஓடினேன். அதற்குப் பிறகு என்னை யாரும் தாண்டவில்லை. அவளை நானும் பிடிக்கவில்லை.

முடிந்ததும் மரத்தடியில் வாந்தி எடுத்தேன். தங்கச்சி முழங்காலைக் கழுவிக்கொண்டே, கால் இப்போது சுகமா அக்கா என்று கேட்டாள். கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயந்துபோய்ப் பொய் சொன்னேன் என்றேன். அவள் தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டு, கூட்டாளிகளிடம் போய்விட்டாள்.

ஒரு மாதம் போல என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அணியில் ஓடினோம். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.